ஈப்போ சந்தையில் வாங்கிய இரண்டு மூக்குக்குழல்கள்: பழசா, ஊதலாமா?

தோட்டத்துப்பேரன் (ஈப்போ)

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே மலேசியாவில், ஈப்போவில் பழைய பொருள் சந்தையைச் சுற்றுவது என் பழக்கம். நாணயம், மண்ணெண்ணெய் விளக்கு, பிஸ்கட் தகரம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவேன், வீட்டில் திட்டு வாங்குவேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சீனத் தாத்தா கடையில் இரண்டு மூங்கில் குழல்கள் கிடந்தன. புல்லாங்குழல் என்று நினைத்து வாய்ப்பக்கம் கொண்டுபோனேன். தாத்தா தலையை ஆட்டிவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

எனக்கு உடனே எங்கள் தாத்தா ஞாபகம். அவர் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். காட்டுக்குள் இருக்கிற சக்காய் ஆட்கள் ராத்திரியில் மூக்கால் குழல் ஊதுவார்கள், லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) படுத்துக்கொண்டே கேட்கலாம் என்று சொல்வார். நாங்கள் பிள்ளைகள் யாரும் நம்பவில்லை, தாத்தா வழக்கம்போல விடுகிறார் என்றுதான் நினைத்தோம். அதனால் பேரம் பேசக்கூடத் தோன்றாமல் இரண்டுக்கும் சேர்த்து 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துவிட்டேன்.

முதல் குழல் 41 செ.மீ. ஒரு முனை கணுவோடு மூடியிருக்கிறது, மறுமுனை திறப்பு. கணுவை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை, கீழே விரல் வைக்க மூன்று துளைகள். உடம்பு முழுக்கக் கத்தியால் கீறிய முக்கோணமும் குறுக்குக் கோடுமாக இருக்கிறது. தேன் நிறம். ஒரு பழைய காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறது, அதில் ஒரு எண்ணும் ‘சக்காய்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சும். உள்ளே வெள்ளையாக ஏதோ பொடி, வெளியே குண்டூசி முனை அளவில் நான்கைந்து பொட்டுத் துளைகள். இரண்டாவது 28 செ.மீ., பளபளவென்று வார்னிஷ், சூடு போட்டு வரைந்த தென்னை மரமும் அலையும். அதில் ஊதும் துளை பெரிசு, குறுக்கே 10 மி.மீ. இருக்கும், கணுவிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது.

கேட்க வேண்டியது மூன்று. எது எவ்வளவு பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊதிப் பார்க்கலாமா? (கை துறுதுறுவென்று இருக்கிறது, இன்னும் ஊதவில்லை.) மூன்றாவது, இதையே ஒரு சேகரிப்பாகத் தொடரலாம் என்று ஆசை வந்துவிட்டது, எங்கே தொடங்குவது?

---

ஆறுகட்டை (கோயம்புத்தூர்)

தம்பி, நான் புல்லாங்குழல் செய்கிறவன். போன வருடம் ஆர்வக்கோளாறில் மூக்குக்குழல் ஒன்று செய்து பார்த்தேன், ஜலதோஷம் பிடித்த நாளில் சோதித்தேன், அந்தக் கதை வேண்டாம்.

இரண்டாவதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது வாயால் ஊதுகிற குழல், சுற்றுலாக் கடைச் சரக்கு. எப்படிச் சொல்கிறேன் என்றால், வாயால் ஊதும்போது காற்றை மெல்லிய தகடு மாதிரி ஆக்கித் துளையின் விளிம்பில் மோதவைப்பது உதடு. மூக்குக்கு உதடு கிடையாது. நாசித் துவாரத்திலிருந்து காற்று எப்படி வருகிறதோ அப்படியே வரும், குழலைத் திருப்பித் திருப்பித்தான் கோணம் பிடிக்க வேண்டும், அழுத்தமும் குறைவு. அந்தக் குறைந்த காற்றுக்குப் பெரிய துளை பேசாது. அதோடு, துளை கணுவிலிருந்து தள்ளி இருந்தால் கன்னமும் மேலுதடும் இடிக்கும், மூக்கு அங்கே போய்ச் சேராது. அதனால்தான் மூக்குத் துளை சின்னதாகவும் கணுவை ஒட்டியும் இருக்கிறது. உங்கள் முதல் குழல் இந்தக் கணக்குக்குச் சரியாக வருகிறது.

பிலிப்பைன்ஸின் வடக்கு மலைகளில் இன்னொரு வகை உண்டு. அங்கே பொந்தொக் மக்கள் கலலெங் என்றும் கலிங்கா மக்கள் தொங்காலி என்றும் சொல்லும் குழலில் துளை பக்கத்தில் இல்லை, கணுவின் நடுவிலேயே இருக்கும். குழலை நெடுக்காகப் பிடித்து முனையையே நாசியில் வைத்து ஊதுவார்கள். தைவானின் பைவான் மக்களுடையது இன்னும் விசேஷம், இரண்டு குழலைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள், ஒன்றில் மூன்று துளை, மற்றதில் துளையே கிடையாது, அது பாட்டுக்கு ஒரே சுரத்தில் ஒத்து ஊதிக்கொண்டிருக்கும். நம்ம நாகஸ்வரத்துக்கு ஒத்து பிடிக்கிற ஆளை அதே மூக்கில் உட்காரவைத்த மாதிரி.

மூன்றே துளை என்று யாரும் குறைத்து நினைக்க வேண்டாம். ஒரு கை கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ மற்ற நாசியை அடைத்துக்கொண்டிருக்கும், மிச்ச விரல்கள் குழலையும் தாங்க வேண்டும். மூடுவதற்கு மீதி எத்தனை விரல் இருக்கிறது பாருங்கள். துளை குறைவு என்பதற்குப் பெரிய தத்துவம் எல்லாம் தேவையில்லை, பாதி காரணம் இதுதான். மேலே போக வேண்டுமானால் கொஞ்சம் அழுத்தி ஊதினால் போதும், நீளமான ஒல்லிக் குழல் சுலபமாக அடுத்த ஸ்தாயிக்குத் தாவும்.

ஊதாமலேயே சுருதி தெரிந்துகொள்ள ஒரு வழி. மூக்குத் துளையிலிருந்து திறந்த முனைவரை அளந்து சொல்லுங்கள். உதாரணமாக 36 செ.மீ. என்றால் இரண்டு பக்கமும் விளிம்புத் திருத்தம் (காற்று குழலின் விளிம்பைக் கொஞ்சம் தாண்டியும் அதிரும், அதற்கான கூடுதல் நீளம்) சேர்த்து 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும். அதை 40 செ.மீ.யின் இரட்டிப்பால், அதாவது 0.8ஆல் வகுத்தால் 435 ஹெர்ட்ஸ். ஆறு கட்டைச் சுருதிக்கு ஒரு நூல் கம்மி. இது தோராயம்தான், உள்விட்டத்தையும் துளை அளவையும் பொறுத்து முன்னே பின்னே போகும்.

---

உளுப்பு வைத்தியர்

ஊதாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். ஊதவே ஊதாதீர்கள், முகர்ந்துகூடப் பார்க்காதீர்கள்.

நான் அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன். எண் எழுதிய சீட்டு, உள்ளே வெள்ளைப் பொடி, இரண்டையும் சேர்த்துப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. அந்தக் காலத்தில் காலனி நாட்டுச் சேகரிப்புகளில் மரம், மூங்கில், தோல், இறகு எதுவானாலும் பூச்சிக்குப் பயந்து ஆர்செனிக் பாஷாணம் தடவினார்கள். பாதரசக் குளோரைடும் போட்டார்கள், சித்த வைத்தியத்தில் வீரம் என்பார்களே, அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. பூச்சிக்கொல்லி வந்தது. இது எதுவும் காலப்போக்கில் தானாகப் போய்விடாது. அமெரிக்காவில் 1990இல் பழங்குடியினரின் புனிதப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் வந்து, பொருள்கள் ஊர் திரும்பியபோது, ஹோபி மக்கள் தங்களுக்கு வந்த சடங்குப் பொருள்களிலேயே ஆர்செனிக் இருப்பதைக் கண்டார்கள். அவை முகத்தில் அணிபவை. உங்களுடையது நேராக மூக்குக்குள் போவது. வேறு எந்த வாத்தியத்தையும்விட இதில்தான் இந்த ஆபத்து பெரிது, சேகரிப்பாளர்கள் இதைப் பேசுவதே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் எரிச்சல்.

வெள்ளைப் பொடி விஷமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் சொல்லும் பொட்டுத் துளைகளைப் பார்த்தால் உளுத்த பொடியாகவும் இருக்கலாம். மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், அதைத் தின்ன ஒரு சின்ன வண்டு வரும், ஒரு மி.மீ. அளவில் துளை போட்டுப் பவுடர் மாதிரித் தள்ளும். வித்தியாசம் பார்க்க ஒரு வழி: குழலைக் கறுப்புக் காகிதத்தின் மேல் இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். துளைக்கு நேர்க்கீழே புதிதாகக் குட்டிக் குவியல் விழுந்திருந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் பொடியோ, பளபளக்கும் ஊசிப் படிகமோ இருந்தால் வேறு சந்தேகம் வர வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகங்களில் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இருக்கும், பொருளைச் சுரண்டாமலே ஆர்செனிக்கும் பாதரசமும் இருக்கிறதா என்று காட்டிவிடும். டி.டி.டி.யை அது நேரடியாகக் காட்டாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

வண்டு உயிரோடு இருந்தால் மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். குழலை மெல்லிய காகிதத்தில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக ஒட்டி, மைனஸ் 18 டிகிரி போகிற ஃப்ரீசரில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஈரம் குழலின்மேல் படியும், பிரிக்காவிட்டால் பையின்மேல் படியும், அவ்வளவுதான் விஷயம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய், மெழுகு, வார்னிஷ் எதுவும் கூடாது. தேன் நிறம் மங்கலாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவுகிற ஆட்களை எனக்குத் தெரியும், அவர்களை மன்னிக்க எனக்கு மனசு வருவதில்லை. ஏசி அறையில் நேராகக் காற்று படும் இடத்திலும் வைக்காதீர்கள், மூங்கில் நெடுக்காக வெடிக்கும்.

---

சும்மா வந்தவன்

என்னிடமும் மூக்குக்குழல் இருக்கிறது, பிளாஸ்டிக், சிவப்பு கலர், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி மாதிரி. குழலே கிடையாது. மூக்கால் ஊதினால் வாய்க்கு முன்னால் சத்தம் வரும், வாயைத் திறந்து மூடினால் பாட்டு மாறும். அது இந்தக் குடும்பமா?

---

ஆறுகட்டை

பெயரில் உறவு, வேலையில் வேறு. உங்களுடையதில் ஓசைக்கூடு உங்கள் வாய்தான். மூக்குக் காற்றை ஒரு சின்னப் பாதை வழியாகக் கொண்டுவந்து வாய்க்கு முன்னால் இருக்கும் விளிம்பில் மோதவிடுகிறார்கள். வாய்க்குழி சின்னதானால் சுரம் ஏறும், பெரிதானால் இறங்கும், சீழ்க்கை அடிப்பதற்குப் பக்கத்து வீடு. அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைத் தகரத்தில் அடித்து ஹியூமனடோன் என்ற பெயரில் விற்றார்கள், பிறகுதான் பிளாஸ்டிக். அந்தப் பழைய தகரத்துக்குத் தனியாகச் சேகரிப்பாளர் கூட்டமே இருக்கிறது. அதில் பெயர், காப்புரிமைக் குறிப்பு, பெட்டி, விளம்பரம் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது அச்சில் இருக்கும். மூங்கிலில் அந்த வசதி கிடையாது.

---

தெற்குக்கடல் (ஆக்லாந்து)

நான் நியூசிலாந்தில் இருக்கும் யாழ்ப்பாணத்தான். பசிபிக் பக்கத்துக் குழல்களைப் பத்து வருடமாகத் துரத்துகிறேன். கையில் இருப்பது ஆறு, அதில் பழசு என்று துணிந்து சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. மிச்சத்துக்குக் கொடுத்த காசைப் பற்றிப் பேசினால் மனைவிக்குக் கோபம் வரும்.

இணைய ஏலங்களில் ‘பொலினீசிய மூக்குக்குழல், 19ஆம் நூற்றாண்டு’ என்று போட்டிருந்தால் சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஃபிஜிக் குழல் என்று வாங்கிய ஒன்று, வந்து பிரித்துப் பார்த்தால் ஆறு துளையோடு வாயால் ஊதும் சாமான், தென்கிழக்காசியாவில் எங்கோ கடற்கரையில் விற்றது. உண்மையான ஃபிஜிக் குழல்களில் சூடு வைத்து வரைந்த கோலம் உண்டு என்பதால் சூட்டுக்கோலம் தெரிந்த எல்லாவற்றுக்கும் ஃபிஜி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஃபிஜிக் கோலம் கட்டம் கட்டமாக, நெருக்கமாக, குழலைச் சுற்றிப் பட்டை பட்டையாக வரும். தென்னை மரமும் அலையும் அதில் வராது. உங்கள் இரண்டாவதைப் பற்றி ஆறுகட்டை அண்ணன் சொன்னதுதான் சரி.

பழைய குழலைப் படிக்க வேண்டுமானால் வாங்குவதற்கு முன்னால் படங்களைப் பாருங்கள் என்பேன். கேப்டன் குக்கின் எண்டவர் கப்பல் 1769இல் தாஹித்திக்கு வந்தபோது கப்பலில் ஏறிக்கொண்ட துபையா என்ற ராயாத்தேயாத் தீவுக்காரர் வரைந்த நீர்வண்ணப் படம் ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டு பேர் முரசு அடிக்கிறார்கள், இரண்டு பேர் மூக்கால் குழல் ஊதுகிறார்கள். ரொம்பக் காலம் அந்தப் படத்தை வரைந்தது யார் என்றே தெரியாமல், யாரோ ஒரு ஐரோப்பியர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதே கப்பலில் வந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் எழுதிய கடிதம் ஒன்று 1997இல் கவனத்துக்கு வந்த பிறகுதான் அது துபையாவின் கை என்று தெரிந்தது. மூக்குக்குழலை அந்த இசையைக் கேட்டு வளர்ந்த ஒருவரே வரைந்த படம் என்பதால், நான் எதையும் அளக்கிறதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன். குழலைப் பிடிக்கிற கோணம், நாசியை அடைக்கிற கை எல்லாம் அதில் இருக்கிறது.

பசிபிக்கின் தொங்காத் தீவுகளில் இதன் பெயர் ஃபாங்குஃபாங்கு. அதன் இரண்டு முனையிலும் கணு மூடியே இருக்கும். ஹவாய்க்காரர்களின் ஓஹே ஹானோ இஹுவில் ஒரு முனை திறப்பு. ஓஹே என்றால் மூங்கில், இஹு என்றால் மூக்கு. ஆகவே முனையைப் பார்த்தாலே பாதி ஊர் தெரிந்துவிடும். தொங்காவில் தலைவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப இதை ஊதுவார்கள். சத்தம் போட்டு எழுப்பக் கூடாது, மென்மையாக எழுப்ப வேண்டும். 1953 டிசம்பரில் எலிசபெத் ராணி அங்கே போய்த் தங்கியபோது விடியற்காலையில் மூக்குக்குழல் ஊதித்தான் எழுப்பினார்கள். அலாரத்தைவிட எவ்வளவோ மேல். ஹவாயில் இது காதல் வாத்தியம். மூச்சு மூக்கிலிருந்து வருவதால் அது தூய்மையானது, வாயைப் போலப் பொய் பேசாது என்று இணையம் முழுக்க எழுதியிருப்பார்கள். அழகான பேச்சுத்தான், ஆனால் அதை ஒவ்வொரு தீவுக்கும் ஒட்டிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் நாட்டுச் சபா மாநிலத்தில் கடசான் மக்கள் ஊதும் துராலி செத்தவர்களுக்காகப் பெண்கள் அழும் ஒப்பாரியை ஒத்தது. ஒரே மூச்சு ஒரு ஊரில் காதலுக்கு, இன்னொரு ஊரில் சாவுக்கு.

மூங்கிலையும் கவனியுங்கள். பொலினீசியர்கள் குழலுக்கு எடுத்தது சுவர் மெல்லியதாய், கணுவிடை நீளமாய் இருக்கும் இனம். சுவர் தடித்து, கணு கிட்டக் கிட்ட இருக்கும் சாதாரண மூங்கிலில் செய்து ‘புராதன ஹவாய்’ என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

---

கம்பார்க்காரி

தம்பி, ஒரு சின்னத் திருத்தம், கோபப்படாதீங்க. சக்காய் என்ற சொல் வேண்டாம். அடிமை என்ற பொருளில் அவர்கள்மேல் மற்றவர்கள் போட்ட பெயர் அது. நம் தோட்டத்துப் பெரியவர்கள் பொருள் தெரியாமலே சொல்லிப் பழகிவிட்டார்கள், என் அப்பாவும் சொல்வார். ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி மக்கள், என்பது 1960களில் அரசாங்கப் பெயராக வந்தது, அதற்குள் பதினெட்டு இனம். கேமரன் மலை, தாப்பா பக்கம் என்றால் பெரும்பாலும் செமாய், வடக்கே தள்ளினால் தெமியார். உங்கள் குழலின் பெயர் பென்சோல்.

அந்த ஒட்டுச் சீட்டுக்கு மட்டும் இந்தச் சொல் உதவுகிறது. தட்டச்சில் அப்படிப் போட்டிருந்தால் அனேகமாக அது சுதந்திரத்துக்கு முந்தைய சீட்டு, அல்லது பழைய பழக்கம் விடாத யாரோ கொஞ்சம் பின்னால் ஒட்டியது. ஆனால் சீட்டைத் தனியாகத் தயாரித்து ஒட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். எண்ணை ஒரு படம் எடுத்துக்கொண்டு தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகத்தில் கேளுங்கள். 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது, ஓராங் அஸ்லி பொருள்கள் அங்கே நிறைய. கோலாலம்பூர் பக்கம் கோம்பாக்கிலும் தனி அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருவேளை அந்த எண் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருந்து, பொருள் காணாமல் போனது என்று எழுதியிருந்தால், அது உங்களுடையது இல்லை தம்பி. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சேகரிப்பு தொடங்காதீங்க. வெளிநாட்டுக்காரர்களிடம் மாற்றிக்கொள்கிற யோசனை இருந்தால் 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள்.

நான் தாப்பாவிலிருந்து கேமரன் போகும் சாலையில் ஒரு செமாய் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு பாட்டி, பொழுது சாயும்போது வாசல்படியில் உட்கார்ந்து பென்சோல் ஊதுவார். வலது நாசியில் வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து. சத்தம் பத்தடி தாண்டினால் கேட்காது, கோழி கத்தினால் கேட்காது. உங்கள் தாத்தா லயத்தில் படுத்துக்கொண்டே கேட்டார் என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ராத்திரியில் தேயிலை மலையில் எல்லாம் அடங்கிய பிறகு யார் கண்டார்கள். நான் ஒருநாள், உங்களுக்கு இருக்கிற மாதிரி ஆசையில், ‘பாட்டி, இந்தக் குழல் எத்தனை வருஷத்துப் பழசு?’ என்று மலாயில் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போன மாசம் செய்ததாம். வெடித்துப் போனால் அடுப்பில் போட்டுவிட்டு வேறு வெட்டிக்கொள்வாராம். அம்மாவிடம் கற்றது கை, குழல் இல்லை. கோலத்தைக் கேட்டேன், அதற்கு மட்டும் சிரிக்கவில்லை, இது இன்ன இலை, இது இன்ன விதை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில், புதிசு வாங்குங்க. செய்கிறவரிடமே போய், அவர் சொல்கிற விலைக்கு வாங்குங்க. பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு, சம்மதித்தால் பெயர், ஊர், நாள், மூங்கிலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், யாரிடம் கற்றார், கோலத்துக்கு என்ன பொருள் எல்லாம் எழுதுங்க. ஊதச் சொல்லி ஒலிப்பதிவும் எடுத்து, அதில் ஒரு படியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்க. நூறு வருடம் கழித்து யாராவது உங்கள் பெட்டியைத் திறந்தால், சந்தைக் குழலைப் பார்த்து இப்போது நீங்கள் முழிக்கிற மாதிரி முழிக்க மாட்டார்கள்.

---

தோட்டத்துப்பேரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அந்தச் சொல் அப்படிப்பட்டது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது, இனி வராது.

செய்தது: கறுப்புக் காகிதத்தில் இரண்டு நாள் வைத்தேன். இரண்டு துளைக்கு நேர்க்கீழே உப்புச் சிட்டிகை அளவு பொடி விழுந்திருக்கிறது, மஞ்சள் கலந்த வெள்ளை. ஆக வண்டு உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் உள்சுவரில் ஒட்டியிருப்பது வேறு மாதிரி, சாம்பல் நிறம், தட்டினாலும் விழவில்லை. கையுறை போட்டுத்தான் தொட்டேன் வைத்தியரே. தெரிந்த ஒரு விரிவுரையாளரிடம் அந்த எக்ஸ் கதிர் கருவி பற்றிக் கேட்டிருக்கிறேன், பார்ப்போம்.

அளவுகள்: மூக்குத் துளை நடுவிலிருந்து திறந்த முனைவரை 38.5 செ.மீ. மூக்குத் துளை 4 மி.மீ. வெளிவிட்டம் 2 செ.மீ. விரல் துளைகளுக்கு இடையில் 3.1, 3.2 செ.மீ. கடைசித் துளையிலிருந்து திறந்த முனைவரை 6.4 செ.மீ.

---

ஆறுகட்டை

38.5 என்றால் திருத்தம் சேர்த்து 42, 43 வரும். ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரைக்குள் எங்கோ நிற்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. விட்டம் 2 செ.மீ. என்றால் சுற்றளவு என்ன? 6.3. உங்கள் கடைசித் துளை முனையிலிருந்து 6.4. துளைக்கு இடைவெளி 3.1, 3.2, அதாவது சுற்றளவில் பாதி. ஒரு நாரை எடுத்துக் குழலைச் சுற்றி அளந்து, அதையே முனையிலிருந்து வைத்து முதல் துளை, பிறகு நாரைப் பாதியாக மடித்து அடுத்தது, அடுத்தது. பிலிப்பைன்ஸ் இசை ஆய்வாளர் ஹோசே மசேடா தென்கிழக்காசியக் குழல்களைப் பற்றி எழுதும்போது குழலின் சுற்றளவையே அளவுகோலாக வைத்துத் துளையிடும் முறையை விரிவாகப் பேசியிருக்கிறார். உங்கள் ஒரு குழலை வைத்துச் செமாய்க்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இதைச் செய்தவர் ச ரி க ம வைத்தோ பியானோவை வைத்தோ துளை போடவில்லை என்பது மட்டும் தெரிகிறது. சுருதிப்பெட்டி வைத்து, ‘இந்தத் துளை கால் சுரம் பிசகு’ என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் இதனால்தான். பிசகு குழலில் இல்லை.

அடுத்த குழலுக்கும், அதற்கடுத்ததற்கும் ஒரு நூலால் இதையே அளந்து பாருங்கள். இருபது குழல் சேர்ந்தால் ஏதாவது சொல்லலாம். அதற்குள் அதே அளவில் புது மூங்கிலில் ஒரு நகல் செய்து அனுப்புகிறேன், அதை எவ்வளவு வேண்டுமானாலும் ஊதுங்கள், ஜலதோஷம் இல்லாத நாளாகப் பார்த்து.

---

உளுப்பு வைத்தியர்

சாம்பல் நிறம், தட்டினால் விழவில்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை. கருவியில் பார்க்கிறவரை படுக்கையறையில் வைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஃப்ரீசரில் போடும்போது ஒரு பைக்கு இரண்டு பையாகப் போடுங்கள். சாப்பாட்டுச் சாமான் வைக்கிற ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம்.

---

தோட்டத்துப்பேரன்

வைத்தியரே, நீங்கள் எழுதுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் அம்மாவின் ஃப்ரீசரில் வைத்தேன், கோழிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில். இப்போது எடுத்துவிட்டேன். பை பிரியவில்லை, இருந்தாலும் அம்மா கோழியை, ஐஸ்கிரீமை, ஐஸ் தட்டைக்கூடக் குப்பையில் போட்டுவிட்டு, தாத்தா பொய்யே சொல்லியிருக்கலாம் என்கிறார். நண்பன் ஒருவன் கடையில் பழுதான ஐஸ்பெட்டி ஒன்றைச் சரி செய்து தருகிறேன் என்கிறான், 150 வெள்ளி. குழலைவிட அதிகம்.

அடுத்த சனிக்கிழமை தைப்பிங் போகிறேன். கம்பார் அக்கா, அந்தக் கிராமத்துக்கு முன்கூட்டி யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தனிமடலில் சொல்கிறீர்களா? பாட்டி இல்லாவிட்டாலும் அவரிடம் கற்றவர்கள் யாராவது இருப்பார்கள் இல்லையா.

---

கம்பார்க்காரி

மகள் ஊதுவார். தலைவரிடம் சொல்லி வைக்கிறேன். வெறுங்கையோடு போகாதீங்க, நோட்டுப் புத்தகம் கட்டாயம்.